17 வயதுப் பையனுக்கு பைபோலார் என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் உறுதியாகத் தெரியுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி எழும்பியும் தாழ்ந்தும் போகும் நோய்) என்று சொல்லி டாக்டர் அதற்கான லித்தியம் மாத்திரையைத் தொடங்கிவிட்டாராம், ஸ்கேன் எழுதவே இல்லையாம். வேலூருக்கு வந்து மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்கிறார்.

அம்மா, பைபோலாரை உறுதி செய்யும் ஸ்கேன் இன்றைக்கு எந்த ஊரிலும் கிடையாது. எழுதவில்லை என்பதால் டாக்டர் அசட்டையாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

மூளையில் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. எனிக்மா என்ற பன்னாட்டுக் குழு 6,503 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டது. நோய் உள்ளவர்களுக்கு நெற்றிப் பகுதியிலும் பக்கவாட்டிலும் மூளையின் மேலடுக்கு சராசரியாகக் கொஞ்சம் மெலிந்திருந்தது. இளம் வயதினரிடம் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா சற்றுச் சிறியதாக இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. நோய் இல்லாத பிள்ளைகளில் பலருக்கும் அதே அளவு இருக்கும். கம்ப்யூட்டரை வைத்துப் பிரிக்கப் பார்த்தபோது நூற்றுக்கு 65 தான் சரியாக வந்தது. அதை நம்பி ஒரு பையனுக்கு மாத்திரை எழுத முடியாது.

இந்த வயதில் இன்னொரு சிக்கல். வளரும் பருவத்தில் மேலடுக்கு இயல்பாகவே மெலிந்துகொண்டு வரும். மேனியாவில், அதாவது மனநிலை எழும்பிய கட்டத்தில், இருக்கும் பிள்ளை அசையாமல் படுக்காது. தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே படத்தில் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவே உள்ள எல்லை மங்கும், அளக்கும் மென்பொருள் மெலிவு என்று காட்டும். பல்லில் கம்பி கட்டியிருந்தால் நெற்றிப் பக்கப் படம் கெடும்.

பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ.? பைபோலார் போலவே தெரியும் வேறு நோயைத் தள்ளிவைக்க. வலிப்பு, காய்ச்சலோடு குழப்பம், விடாத தலைவலி, தலையில் அடி, கை கால் பலவீனம், ஓரிரு நாளில் ஆள் அடியோடு மாறிப்போவது: இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நம் பக்கம் நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கும் நியூரோசிஸ்டிசெர்கோசிஸை மறக்கக் கூடாது. கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கும் கழுவாத கீரை வழியாக அது வரும். மூளை அழற்சியையும், உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோயையும் இந்த வயதில் நினைவில் வைக்க வேண்டும்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் 20 முதல் 40 நிமிடம் படுக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் அடங்கிய பிறகு எடுப்பது நல்லது, அவசரமென்றால் மட்டும் மயக்க ஊசி. அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, வெள்ளிக்கொடி, ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தாயத்து சட்டைக்குள் இருப்பதால் கடைசி நிமிடம் வரை யாருக்கும் தெரிவதில்லை. ரிப்போர்ட்டில் 'சைனஸ் தடிப்பு', 'அரக்னாய்டு நீர்க்கட்டி' (மூளையைச் சுற்றிய உறையில் நீர் தேங்கிய பை) என்று வந்தால் பெரும்பாலும் இந்த நோய்க்குச் சம்பந்தமில்லை. 'இயல்பு' என்று வந்தால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பைபோலாரில் ரிப்போர்ட் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

நோயை முடிவு செய்வது நீங்கள் சொல்லும் விவரம்தான். எத்தனை மணிக்குத் தூங்கினான், எழுந்தான், பேச்சு, செலவு, கோபம் என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். மேனியா என்று சொல்லப் பொதுவாக ஒரு வாரம் நீடித்த மாற்றம் வேண்டும் என்பதால் தேதி முக்கியம். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். அதற்கு ஒரு காரணம் இதுவும்தான்.

ஸ்கேனுக்கு வைத்த பணத்தை ரத்தப் பரிசோதனைக்கு வையுங்கள்: கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), தைராய்டு, கால்சியம், லித்தியம் அளவு. லித்தியத்துக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன்பாக. அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. வேலூர் சித்திரை வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, பேதியானாலோ, திடீரென உப்பைக் குறைத்தாலோ, உடம்பு வலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலோ அது எகிறும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, வாந்தி வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே அழைத்துப் போய் அளவு பாருங்கள்.