ஊருணியில் மண்வெட்டி வைக்கும் முன் வரத்துக்காலைத் திறங்கள்

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஏறக்குறைய ஓர் ஏக்கரில் ஒரு ஊருணி. ஐந்தாறு வருடமாக முழுதாக நிறையவே இல்லை. நாங்கள் 20 பேர் சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் குழு தொடங்கியிருக்கிறோம். பங்குனி, சித்திரையில் ஞாயிறுதோறும் காலையில் தூர்வாரி, கரையைச் சுற்றி 200 மரக்கன்று நடலாம் என்று திட்டம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் சரி. தண்ணீர் வற்றி, தரை இறுகி, எங்கே என்ன அடைத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டு மாதத்தில்தான். வேலையின் வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறோம். ஊருணியைத் தோண்டுவது கடைசி. மரக்கன்று நடுவது ஐப்பசியில். இப்போது முதல் வேலை வரத்துக்கால், அதாவது மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வாய்க்கால்.

கணக்கைப் பாருங்கள். கோடையில் இறுகிய களிமண்ணை ஓர் ஆள் மூன்று மணி நேரத்தில் வெட்டி, அள்ளி, கொண்டுபோய்க் கொட்ட முடிவது சராசரியாக 0.4 கனமீட்டர். 20 பேர், 8 ஞாயிறு என்றால் 64 கனமீட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 64 கனமீட்டரை எடுத்தால் ஊருணி ஆழமாவது ஒன்றரை சென்டிமீட்டர். விரல் தடிமன்தான்! அதனால் கூடுதலாகப் பிடிக்கும் தண்ணீர் 64,000 லிட்டர், அதுவும் ஊருணி நிறைந்தால்.

அதே உழைப்பை வரத்துக்காலில் போடுங்கள். 300 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் மண் சேர்ந்திருந்தால் மொத்தமே 60 கனமீட்டர். கால் முழுவதும் திறந்துவிடும். அந்தக் காலுக்கு 20 ஏக்கர் மேட்டுநிலம் தண்ணீர் தருகிறது என்று வையுங்கள். 40 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே சுமார் 6.5 லட்சம் லிட்டர். தோண்டிக் கிடைப்பதைப்போல் பத்து மடங்கு, ஒரே மழையில். மழை பெய்தும் ஊருணி நிறையவில்லை என்றால் பெரும்பாலும் குறை கொள்ளளவில் இல்லை, வரத்தில்தான் இருக்கிறது.

முதலில் காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ஊருணியின் புல எண், பரப்பு, வகைப்பாடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புலப்படத்தில் வரத்துக்கால் எந்தப் புல எண்கள் வழியாக வருகிறது, அகலம் எவ்வளவு என்று பாருங்கள். இன்று இரண்டடி ஓடையாகத் தெரிவது படத்தில் பன்னிரண்டடியாக இருக்கலாம். ஆக்கிரமிப்பு தெரிந்தால் குழுவாகப் போய் வேலியைப் பிடுங்காதீர்கள். அளந்து அகற்றுவது வருவாய்த் துறையின் வேலை. ஓர் ஊரில் ஒரு குழு உடைவது அநேகமாக இந்த இடத்தில்தான். நடுவில் இருக்கும் மூன்றடியைத் திறந்தாலே இந்த வருட மழைக்குப் போதும். அளவீட்டு மனு தனியாக நடக்கட்டும்.

ஊருணி ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும். 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் இருக்கும். உங்கள் வரத்துக்கால் ஒரு கண்மாயின் கலிங்கலிலிருந்து (உபரிநீர் வழிந்தோடும் இடம்) பிரிந்து வந்தால் ஊராட்சி, அந்தக் கண்மாய்க்குப் பொறுப்பானவர்கள் என இரண்டு இடத்திலும் அனுமதி வேண்டும். கிராம சபைதான் இதற்கு நேர்வழி. தமிழ்நாட்டில் மார்ச் 22, மே 1 இரண்டும் கிராம சபை நாட்கள். உங்கள் மாதங்களுக்கு அப்படியே பொருந்துகின்றன. தீர்மானத்தில் புல எண், காலின் நீளம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வெட்டும் மண்ணை எங்கே போடுவது, சீமைக் கருவேலத்தை யார் வெட்டுவது என்று எல்லாமே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘நீர்நிலையைச் சீரமைக்க அனுமதி’ என்று ஒற்றை வரியில் எழுதி வாங்கிய தீர்மானம், முதல் டிராக்டர் மண் ஏறும்போதே தகராறாகிவிடும்.

அடுத்தது மட்டம் பார்ப்பது. இதைத் தாண்டிவிட்டு வெட்டத் தொடங்காதீர்கள். கண்ணுக்குச் சரிவாகத் தெரிவது பல இடங்களில் சரிவாக இருக்காது. கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். ட்யூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதை வைத்து உயரம் பார்ப்பது அது. உள்ளே தண்ணீர் தெரியும் அரை அங்குல பிளாஸ்டிக் ட்யூப் 12 மீட்டர், ஐந்தடிக் கம்பு இரண்டு, இரண்டிலும் அளவு நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். ட்யூபை வாளித் தண்ணீரில் வைத்து ஒரு முனையில் உறிஞ்சி நிரப்புங்கள். பிறகு சுருளை அவிழ்த்துத் தரையில் நீட்டி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கடுகளவு காற்றுக்குமிழ்கள் ஒன்றுசேர்ந்து நகர்ந்து வெளியேறும். உள்ளே குமிழ் நின்றுவிட்டால் கணக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தப்பும். உங்கள் காலில் 10 மீட்டருக்கு மொத்தச் சரிவே ஒன்றரை சென்டிமீட்டராக இருக்கலாம் என்பதால் அந்தத் தப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரண்டு கம்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டிலும் ஒரே மட்டம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு அளக்கத் தொடங்குங்கள். காலை ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது. ட்யூபின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் சூடேறிய பக்கத்தில் தண்ணீர் சற்று உயர்ந்து நிற்கும்.

ஊருணி வாயில் தொடங்கி மேல்நோக்கி 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் தரை மட்டத்தை நோட்டில் எழுதுங்கள். 300 மீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நல்ல கால். 30 சென்டிமீட்டர் இருந்தாலும் தண்ணீர் வந்து சேரும். அதற்குக் குறைந்தால் மண் படிவது அதிகமாகும், வருடா வருடம் வாரத்தான் வேண்டும்.

ரோட்டைத் தாண்டும் குழாயை இரண்டு பக்கமும் அளங்கள். பல ஊர்களில் கோளாறு இங்கேதான். ரோடு உயர்த்திப் போடும்போது குழாயின் அடிமட்டம் காலின் தரையைவிட உயரமாகப் போயிருக்கும். 12 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், 10 மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவுள்ள காலில் தண்ணீர் 80 மீட்டர் பின்வாங்கித் தேங்கும். தேங்கிய இடமெல்லாம் மண் படியும். மேலே எவ்வளவு வெட்டினாலும் அடுத்த மழையில் தூர்ந்துவிடும். இதை நீங்கள் சரிசெய்ய முடியாது, குழாயை மாற்றிப் போட வேண்டியது ரோட்டுக்குரிய துறை. ஆனால் மட்டக் கணக்கும் புகைப்படமும் இணைத்த மனுவுக்கு இருக்கும் பலம், ‘தண்ணீர் வரவில்லை’ என்ற மனுவுக்கு இல்லை. குழாய் மண்ணால் அடைத்திருந்தால் மட்டும் நீங்களே எடுக்கலாம். நீளக் கம்பில் கட்டிய மண்வெட்டியால் வெளியிலிருந்து இழுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பாம்பு, காற்றின்மை இரண்டுமே ஆபத்து.

வெட்டும்போது ஊருணிப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள். நடுவில் கோடை மழை வந்தாலும் திறந்த பகுதிவரை வேலை செய்யும். மேலிருந்து வந்தால் வெட்டிய மண்ணெல்லாம் கீழே வெட்டாத இடத்தில் போய் அடைக்கும். எடுத்த மண்ணை விளிம்பில் குவிக்காமல் ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே ஓடும் கால் என்றால் தாழ்ந்த பக்கம் மட்டும் போட்டு மிதித்து இறுக்குங்கள். மேட்டுப்பக்கம் வரப்பாகப் போட்டுவிட்டால், பக்கவாட்டில் வந்து சேர வேண்டிய தண்ணீரை நீங்களே மறித்ததாகும்.

கால் ஊருணிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வண்டல் குழி: நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை, ஆழம் 1 மீட்டர். அதன் மேல்பக்கத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கம்பித் தடுப்பு. பிளாஸ்டிக், சருகு தடுப்பிலும் மணல் குழியிலும் நின்றுவிடும். தடுப்பை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் துடைக்க ஒரு தெருவுக்கு ஒரு வாரம் என்று இப்போதே முறை வையுங்கள். துடைக்க ஆளில்லாத தடுப்பு அணையாக மாறிவிடும். காலில் எங்காவது வீட்டுக் கழிவுநீர் விழுந்தால், அந்த வீடுகளுக்கு உறிஞ்சுகுழி அமைத்த பிறகே வாயைத் திறங்கள். ஆடுமாடு குடிக்கும் ஊருணியில் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்ப்பதைவிட அது காய்ந்து கிடப்பதே மேல்.

சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு தளிர் கிளம்பும். துளிர்க்கும் மொட்டுகள் வேர் தொடங்கும் கழுத்தில் இருக்கின்றன. சுற்றிலும் ஓரடி தோண்டி, தரைக்குக் கீழே 30 சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டித் தூரோடு எடுக்க வேண்டும். காய் முற்றி உதிர்வதற்குள் முடியுங்கள். ஆடுமாடு தின்ற காயின் விதை சாணத்தோடு வந்து முளைக்கும். கட்டையில் டீசல், மண்ணெண்ணெய் ஊற்றுவதை நீர்நிலையில் செய்யவே கூடாது. வேட்டங்குடி சரணாலயம் இருக்கும் மாவட்டம் உங்களுடையது. ஊருணிக்குள் நிற்கும் மரத்தில் கொக்கோ நாரையோ கூடு வைத்திருந்தால் குஞ்சு பறக்கும் வரை அந்த மரத்தைத் தொடாதீர்கள்.

இனி ஊருணிக்குள். மூன்று இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி சோதனைக் குழி போடுங்கள். மேலே வெடிப்புவிட்ட கறுத்த வண்டல், அதன் கீழே நிறம் மாறி இறுகிய பழைய அடித்தளம் தெரியும். அந்தத் தளத்து மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் தடிமனுக்கு உடையாமல் திரியாக வந்தால் களி. ஊருணியில் தண்ணீர் நிற்பதே அந்தக் களியால்தான். வண்டலை மட்டும் எடுங்கள். ஆழம் வேண்டுமென்று இயந்திரத்தால் களியைக் கிழித்து மணல் தட்டும்வரை போனால், ஐப்பசியில் நிறைந்த தண்ணீர் தையில் இருக்காது. கரையின் அடியிலிருந்து 5 மீட்டருக்குள் தோண்டினால் கரை சரியும்.

ஓரடி வண்டல் ஓர் ஏக்கரில் 1,230 கனமீட்டர், டிராக்டருக்கு 3 கனமீட்டர் வீதம் 410 நடை. இதைக் குழுவின் பணத்தில் செய்ய வேண்டாம், விவசாயிகள் எடுத்துப்போகட்டும். மாவட்ட அரசிதழில் அறிவித்த பட்டியலில் உங்கள் ஊருணி இருந்தால், இ-சேவை வழியாக விண்ணப்பித்துக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர், நஞ்சைக்கு 75. ஓர் ஏக்கர் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து விவசாயிகளைச் சேர்த்து விண்ணப்பிக்க வைப்பதும், எங்கே எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்று முளையடித்துக் காட்டுவதும் உங்கள் வேலை. வண்டலின் மேல் வெள்ளைப் பூப்பு இருந்தால் உப்பு. மண் பரிசோதனை நிலையத்தில் பார்க்காமல் வயலுக்கு ஏற்ற விடாதீர்கள்.

200 கன்றுகளைப் பற்றி. சித்திரையில் நட்டால் ஒரு கன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டர் வேண்டும். ஐப்பசி வரை 90 முறை, மொத்தம் 1.8 லட்சம் லிட்டர். அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் வரும். ஊருணியை நிரப்பக் கிளம்பிய குழு நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருக்கும். இப்போது நாற்றங்கால் போடுங்கள். 250 பைகளுக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர் போதும். செம்மண் 2, மணல் 1, மட்கிய தொழுவுரம் 1. புங்கங்காய் இப்போதே பொறுக்கலாம். நீர்மருது விதையை இரண்டு நாள் ஊறவைத்துப் போடுங்கள், முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும், பொறுங்கள். வேம்பும் நாவலும் ஆனி, ஆடியில் பழுக்கும்போது. இரண்டின் விதையும் சில வாரங்களிலேயே முளைப்பை இழந்துவிடும் என்பதால் சேர்த்துவைக்காமல் உடனே ஊன்ற வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை.

மரத்தைக் கரையின் நீர்ப்பக்கச் சரிவில் நடாதீர்கள். பெரிய வேர் செத்து மக்கிய துளை வழியாகத் தண்ணீர் ஊறி, கரை ஒருநாள் அங்கே உடையும். வெளிப்பக்க அடிவாரத்தில் நடுங்கள். சரிவுக்கு வெட்டிவேர் போதும். கலிங்கலில் செடி, மண் எதுவும் இருக்கக் கூடாது. கூடுதலாகத் தேக்கலாம் என்று அதன்மேல் மணல்மூட்டை அடுக்கவும் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ குளங்கள் உடைந்தன. அப்படியொரு நாளில் ஊரைக் காப்பது தடையில்லாத கலிங்கல்தான்.

வேலை நேரம் காலை ஆறு முதல் ஒன்பது. அதற்கு மேல் வேண்டாம். 20 பேரில் எட்டுப் பேர் வெட்ட, பத்துப் பேர் சட்டி தூக்க, இரண்டு பேர் மட்டமும் தண்ணீரும் பார்க்கட்டும். கால்மணிக்கொருமுறை வெட்டுபவரும் தூக்குபவரும் மாறிக்கொள்ளுங்கள். முள் காட்டில் செருப்போடு இறங்க விடாதீர்கள், ஷூ கட்டாயம்.

சித்திரையில் ஒரு கோடை மழை எப்படியும் வரும். இடி நின்றதும் இரண்டு பேர் குடையோடு கால் நெடுகிலும் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே கரை தாண்டி வயலுக்குள் போகிறது, ரோட்டுக் குழாயில் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுண்ணாம்பால் குறியிட்டு வையுங்கள். அடுத்த ஞாயிறு எங்கே வெட்டுவது என்பதை அந்தக் குறிகளைப் பார்த்து முடிவுசெய்யலாம்.