43ஆம் பக்கம்

வணக்கம் ஐயா,

அடிப்படை உரிமைகளை அரசே அரித்துக்கொண்டு வருகிறது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகையாகப் பட்டது. நெருக்கடி நிலையைப் பார்த்த தலைமுறை நான். இன்று அப்படியா இருக்கிறது? போலீஸ் தவறாகப் பிடித்தால் ஹைகோர்ட் விட்டுவிடுகிறது. ரவுடிகளைக் குண்டாஸில் போட்டால் தெரு நிம்மதியாக இருக்கிறது. இதில் எனக்கு என்ன நஷ்டம்? பிடிக்காத ஆட்சி என்பதால் எழுதுகிறீர்களோ என்ற சந்தேகமும் உண்டு.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். குண்டர் சட்டம் 1982இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. பிறகு வந்த எவரும் அதைக் கைவிடவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்வரை கசக்கும், கோட்டைக்குள் போனதும் இனிக்கும். 2004இல் திருட்டு வீடியோ விற்பவரும் அதற்குள் வந்தார். (திருட்டு விசிடி விற்ற பையனைக் குண்டர் என்று கூப்பிட எந்த அகராதி இடம் கொடுத்ததோ!) 2014இல் சைபர் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. முதல்முறை சிக்கியவரையும் அடைக்கலாம் என்றானது. ஆக, எனக்குப் பிடித்த ஆட்சி, பிடிக்காத ஆட்சி எல்லாம் இதில் உண்டு.

ஹைகோர்ட் விட்டுவிடுகிறது என்கிறீர்கள். உண்மைதான், நிறையப் பேரை விட்டுவிடுகிறது. எதற்காக விடுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அடைத்ததற்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் நிற்கும்போது வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கிடையாது. ஏன் அடைத்தார்கள் என்பதற்கான காகிதங்களை மட்டும் கட்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். வக்கீல்கள் அதை ‘புக்லெட்’ என்பார்கள். வக்கீல் நண்பர் ஒருவரின் மேஜையில் அப்படி ஒன்றைப் புரட்டினேன். நகலுக்கு நகல் எடுத்ததில் 43ஆம் பக்கம் பாதி கறுத்துப்போயிருந்தது. சீல் மட்டும் தெரிந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இது ஒண்ணு போதும்” என்றார்.

போதும்தான், அடைத்த உத்தரவே ரத்தாகிவிடும். காரணத்தைச் சொல்லி, அதை எதிர்த்து முறையிட வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு. படிக்க முடியாத காகிதத்தை எதிர்த்து என்ன முறையிடுவது? ஆங்கில ரிமாண்ட் உத்தரவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, முறையீட்டு மனு அரசு மேஜையில் பல நாள் தூங்கியது என்றெல்லாம்கூட உத்தரவு ரத்தாகும். அந்த ஆள் நிஜமாகவே ஏதாவது செய்தானா என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. அப்பாவியும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறார், நீங்கள் பயப்படுகிற ரவுடியும் அதே வாசல்தான். அடைத்து வைத்தவரைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லிப் போடும் ஆட்கொணர்வு மனுவின் முறை வருவதற்குள் ஐந்தாறு மாதம் ஓடியிருக்கும். கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு ஒரு கேள்வியும் கிடையாது. நீங்கள் கேட்ட நஷ்டக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நெருக்கடி நிலை. அன்று, சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தாலும் ஆட்கொணர்வு மனு போட உரிமையில்லை என்று 1976இல் உச்ச நீதிமன்றமே சொன்னது நினைவிருக்கும். அந்தச் சூட்டில்தான் 1978இல் 44ஆவது திருத்தம் நிறைவேறியது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை இனி எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது என்று ஆனது அப்படித்தான். அதே திருத்தத்தில் தடுப்புக் காவல் பற்றியும், அதாவது குண்டர் சட்டம்போல விசாரணையில்லாமல் அடைப்பது பற்றியும், ஒரு பகுதி இருந்தது. அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் அடைத்து வைக்கும் காலம் மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறையும், கழகத்தின் ஆட்களை ஹைகோர்ட் தலைமை நீதிபதி பரிந்துரைப்பார், தலைவராகப் பதவியில் உள்ள நீதிபதி இருப்பார். மத்திய அரசு கெஜட்டில் தேதி குறித்தால் அமலுக்கு வந்துவிடும். அந்தத் தேதியை இன்றுவரை யாரும் குறிக்கவில்லை. காங்கிரஸ், ஜனதா தளம், பாஜக எல்லோரும் ஆண்டாயிற்று. நம்மூர்க் கழகங்கள் இரண்டும் மத்திய அமைச்சரவையில் உட்கார்ந்தாயிற்று. உங்கள் தலைமுறை பட்ட பாட்டுக்குப் பதிலாக நாடாளுமன்றமே எழுதிய வரிகள் அவை. பறித்தார்கள் என்று யார்மீதும் புகார் கொடுக்க முடியாது. கொடுக்காமலே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அரிப்பு என்று நான் எழுதியது இதை.

அந்த 43ஆம் பக்கத்துக்காரர் ஜூனில் உள்ளே போனார். உத்தரவு ரத்தானபோது தீபாவளி முடிந்திருந்தது. அவர் வேலை பார்த்த லேத் பட்டறையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டான். எந்த வழக்கைக் காட்டி அடைத்தார்களோ, அதில் இன்னும் குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை.