அரோசித்தலும் வெறுத்தலும் ஒன்றா?

கேள்வி: லேவியராகமம் 26:11-இல் "என் ஆத்துமா உங்களை அரோசிப்பதில்லை" என்று வாசிக்கிறோம். இந்தச் சொல்லை நான் வேறெங்கும் கேட்டதில்லை. 'வெறுப்பதில்லை' என்றே எழுதியிருக்கலாமே? எபிரெய மூலத்தில் என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அங்குள்ள எபிரெய வினை 'காஅல்'. பழைய ஏற்பாடு முழுவதிலும் இது 10 முறைதான் வருகிறது. அவற்றுள் 5 லேவியராகமம் 26-ஆம் அதிகாரத்திலேயே உள்ளன. மீட்டலைக் குறிக்கும் வினையும் தமிழில் எழுதினால் 'காஅல்' என்றே அமையும் என்றாலும், அதன் நடுவெழுத்து 'ஆலெஃப்' என்ற எபிரெய எழுத்து, இதன் நடுவெழுத்து 'ஆயின்' என்ற வேறோர் எழுத்து என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெறுத்தலுக்கு எபிரெயத்தில் பொதுவாக வழங்கும் வினை 'சானே'. 'காஅல்' அதைவிட உடலுக்கு நெருக்கமானது. ஒவ்வாததை வயிறு ஏற்காமல் வெளியே தள்ளுவதைப் போன்ற குமட்டலை அது உணர்த்துகிறது. யோபு 21:10-இல் எருது பசுவோடு இணைவது வீணாவதில்லை என்று சொல்லுமிடத்திலும் இதே வினைதான் வருகிறது. பிற்கால யூத வழக்கிலோ, பாத்திரம் உறிஞ்சிக்கொண்ட உணவின் சுவையைக் கொதிநீரில் இட்டு வெளியேற்றுவதற்கு 'ஹக்அலா' என்று பெயர். பஸ்கா பண்டிகைக்கு முன் இன்றும் அதைச் செய்கிறார்கள்.

இந்த வினைக்குப் பாதி இடங்களில் எழுவாயாக வரும் 'நெஃபெஷ்' என்ற சொல்லை நாம் ஆத்துமா என்கிறோம். ஆனால் அதற்குத் தொண்டை என்ற பொருளும் உண்டு. ஆகவே, உணவில் மனம் செல்லாமல் குமட்டும் நோய்க்கு நம் சித்த மருத்துவத்தில் வழங்கும் 'அரோசகம்' என்ற பெயரோடு உறவுடைய சொல்லை இங்கே தேர்ந்தவர்கள், என் பார்வையில், 'வெறுப்பதில்லை' என்று எழுதியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட மூலத்துக்கு அருகில் சென்றிருக்கிறார்கள். அந்தச் சொல் இன்று வழக்கொழிந்துவிட்டது அவர்கள் பிழையன்று.

அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் இதன் போக்கு இன்னும் தெளிவாகும். 15-ஆம் வசனத்தில் மக்களின் ஆத்துமா கடவுளின் நியாயங்களை அரோசிக்கிறது; 30-இல் கடவுளின் ஆத்துமா அவர்களை அரோசிக்கிறது; 43-இல் மறுபடியும் மக்களின் குற்றம் நினைவூட்டப்படுகிறது. அவர்கள் பகைவரின் நாட்டில் இருக்கும்போதும் தாம் அப்படிச் செய்வதில்லை என்று 44-இல் கடவுள் சொல்லுமிடத்தில், வினை அதுவேயானாலும், 'நெஃபெஷ்' என்ற சொல் மட்டும் இல்லை.