தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

சிறிய மோட்டார் படகுகளில் நீர் கசிவது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த சில கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: என்னுடையது 14 அடி ஃபைபர் படகு. ஒவ்வொரு முறை கரைக்குத் திரும்பும்போதும் பின்பக்கம் ஒரு வாளித் தண்ணீர் நிற்கிறது. விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே தேடுவது?

பின்பக்கம் தண்ணீர் நிற்பதால் ஓட்டையும் அங்கேதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) நுழைந்த நீரும் ஓடிவந்து அங்கேதான் தேங்கும். முதலில் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். படகை நீரில் இறக்கிக் கட்டிப்போட்டு, இன்ஜினைத் தொடாமல் அரைமணி நேரம் விடுங்கள். அப்போதே நீர் ஏறினால், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம்: டிரெயின் பிளக் (உள்ளே சேரும் நீரை வடிக்கும் துளையின் அடைப்பான்), மீன் தொட்டிக்கு நீர் எடுக்கும் குழாய், பின்பலகையில் ஆழமானி திருகிய இடம். ஓடும்போது மட்டும் ஏறினால் மேலே தேடுங்கள்: மேல்தளமும் உடலும் சேரும் விளிம்பு, கேபிள்கள் நுழையும் துளை, அணியத்தில் கயிறு மாட்டும் வளையத்தின் போல்ட். கட்டிக்கிடக்கும்போது இவையெல்லாம் நீருக்கு வெளியே இருப்பவை.

அப்படியும் பிடிபடவில்லையா? அடித்தளத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவிவிட்டு படகை இறக்குங்கள். நீர் வந்த வழி பவுடரில் கோடாகத் தெரியும். கோட்டைப் பின்பற்றி மேலே போனால் ஊற்றுக்கண்ணுக்கே போய்விடலாம்.

கரையில் தேட வேண்டுமானால் தலைகீழாகச் செய்யுங்கள். படகு டிரெய்லரில் இருக்கும்போது உள்ளே நீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்த்துக் குறியிடுங்கள். ஆனால் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 300 லிட்டர் ஊற்றினால் 300 கிலோவை டிரெய்லரும் படகின் அடியும் தாங்க வேண்டும். அடிக்கு நல்ல முட்டுக் கொடுத்து, ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். என் படகில் இரண்டு நாள் அடிப்பகுதியையே சுரண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், தளர்ந்திருந்தது மீன் தொட்டிக் குழாயின் கிளிப். அதிலிருந்து குழாய்களை முதலில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கேள்வி: டிரெயின் பிளக்கை எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது.

மேலும் இறுக்க வேண்டாம், மரை போய்விடும். பிளக்கில் உள்ள ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். அப்புறமும் கசிந்தால், பிளக் உட்காரும் வெண்கலம் அல்லது பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் பின்னால் இருக்கும் சீலண்ட்தான் (நீர் புகாமல் அடைக்கும் பசை) காய்ந்து பெயர்ந்திருக்கும். பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

கேள்வி: அலுமினியப் படகில் ரிவெட்டுகள் வழியாகக் கசிகிறது. மேலே சிலிக்கோன் பூசினால் போதுமா?

தயவுசெய்து வேண்டாம். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கோன் நெடுநாள் நிற்காது. அதைவிட மோசம், அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தின் மேல் வேறு எந்தப் பசையும் பெயிண்டும் ஒட்டாது. பிறகு சரிசெய்பவருக்கு வேலை இரட்டிப்பாகும்.

ரிவெட் தளர்ந்து ஆடுகிறதா, அல்லது தலையே தேய்ந்துபோய்விட்டதா என்று பாருங்கள். தளர்ந்தது மட்டும்தான் என்றால் இறுக்கிவிடலாம். ஒருவர் வெளியே தலையில் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளேயிருந்து வாலை (ரிவெட்டின் மறுமுனையை) சுத்தியலால் தட்ட வேண்டும். தேய்ந்ததைத் துளையிட்டு எடுத்துவிட்டு, திடமான அலுமினிய ரிவெட்டை பாலியூரித்தேன் சீலண்டில் தோய்த்து அடியுங்கள். உள்பக்கம் கை போகாத இடத்தில் முனை மூடிய பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கக்கூடியது) போடுங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கும், நீர் அதன் வழியே வரும்.

இன்னொன்று: அலுமினியப் படகின் அடியில் செம்பு நாணயமோ பித்தளைத் திருகோ விழுந்து கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஈரத்தில், அதுவும் உப்புநீரில், அது தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் அரித்துக் குழியாகும்.

கேள்வி: அவுட்போர்டு இன்ஜினின் (பின்பலகைக்கு வெளியே மாட்டும் இன்ஜின்) போல்ட்டைச் சுற்றி பழுப்பு நிற நீர் வடிகிறது. சீலண்ட் போட்டேன், நிற்கவில்லை.

அந்த நிறம்தான் எனக்குக் கவலை தருகிறது. பல ஃபைபர் படகுகளில் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியே நீர் இறங்கி அது ஊறத் தொடங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், ஊறியது மொத்தென்று கேட்கும். இன்ஜினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகையின் மேல்விளிம்பு வளைந்தால் படகை ஓட்டக் கூடாது. ஓடும்போது இன்ஜினே பலகையோடு பெயரக்கூடும். மரத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வைப்பதுதான் வழி.

ஈரம் துளையைச் சுற்றி மட்டும் இருந்தால், மரத்தை முழுதாகக் காயவிட்டு, துளையைப் பெரிதாக்கி, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் (கலந்ததும் இறுகும் பிசின்) நிரப்புங்கள். அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இனி போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே எபாக்ஸி இருக்கும், நீர் மரத்தைத் தொடாது.

கேள்வி: பெரிய பில்ஜ் பம்பு (படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பு) ஒன்று போட்டுவிட்டால் கவலை இல்லைதானே?

நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை இருந்தால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2,500 லிட்டர். பம்பின் மேல் எழுதியிருக்கும் அளவு, நீரை உயரத்துக்குத் தள்ளாதபோது கிடைப்பது. குழாயும் வளைவும் சேர்ந்தால் அதைவிடக் குறைவாகத்தான் இறைக்கும். பேட்டரி இறங்கினால் அதுவும் இல்லை. பம்பு அவசியம்தான், ஆனால் அது கசிவை அடைக்காது.

பம்பின் வெளியேற்றக் குழாயையும் பாருங்கள். அதன் வாய் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்து, குழாய் உள்ளே மேலே வளைந்து இறங்காமல் நேராகப் போனால், சுமை ஏறிப் படகு தாழும்போது வெளிநீர் அதே வழியாக உள்ளே வந்துவிடும்.

கேள்வி: இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் பகுதி வெளியே இருக்கும் வகைப் படகு. அங்கே உள்ள ரப்பர் உறையில் சிறு வெடிப்பு. ஒட்டலாமா?

ஒட்டக் கூடாது, மாற்றுங்கள். அந்த உறை கிழிந்தால் கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கலாம். வெளிப்பகுதியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, மடிப்புகளை விரித்து ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திருப்பும்போது உறுமல் சத்தம் கேட்டால், நீர் ஏற்கெனவே உள்ளே போய் பேரிங்கைக் கெடுத்திருக்கலாம். உறையை மாற்றும்போது பேரிங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.