ரேஸ் குதிரைக்கு தான் ஜெயிச்சது தெரியுமா? ஓடுறதுக்கு முன்னாடி ஏன் அவ்ளோ முரண்டு பிடிக்குது? உடம்புல நுரை ஏன் வருது, எல்லா ரேஸ் குதிரைக்கும் ஒரே பிறந்தநாளாமே, ஊட்டிக்கு வந்து ரேஸ் பார்க்கலாமா? இதெல்லாம் கேட்டிருந்தீங்க.

நான் ஊட்டி. எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலே ரேஸ்கோர்ஸ்தான் கண்ணுல படும், சித்தப்பா சீசனுக்கு சீசன் அங்க லாயத்துல சைஸ் (குதிரையைப் பராமரிக்கிறவர்) வேலை பார்த்தவர், அதனால எனக்கு குதிரையைப் பத்தி தெரிஞ்சதுல பாதி அவர் வாயால கேட்டது, மீதி பேடாக் (ரேஸுக்கு முன்னாடி குதிரைங்களை நடத்திக் காட்டுற இடம்) கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பார்த்தது.

முதல்ல அந்த முரண்டு. அது முரண்டே இல்லைங்க, பயம். குதிரைக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கு, ஏறக்குறைய சுத்தி இருக்கிறது மொத்தமும் தெரியும், தெரியாதது வாலுக்கு நேர் பின்னாடியும் மூக்குக்கு நேர் முன்னாடி கொஞ்ச இடமும்தான். ஆபத்துன்னா அதுக்குத் தெரிஞ்ச முதல் வழி ஓடிடுறது. அப்படிப்பட்ட பிராணியை ஸ்டார்டிங் கேட்னு சொல்ற, ரேஸ் கிளம்புற இடுக்கமான ஒரு இரும்புக் கூண்டுக்குள்ள விட்டு, அதுக்குத் தெரியாத அந்தப் பின்பக்கத்துல கதவைச் சாத்தினா அது எப்படி சும்மா நிக்கும்? சில குதிரைக்கு கண்ணைத் துணியால மறைச்சுத்தான் உள்ள கூட்டிட்டுப் போவாங்க, உள்ள போனதும் எடுத்துடுவாங்க. பிளிங்கர்ஸ் (கண்ணுக்குப் பக்கத்துல வைக்கிற மறைப்பு) போடுறதும் கிட்டத்தட்ட இதுக்குத்தான், பக்கத்துல வர்ற குதிரையைப் பார்த்து மிரளாம முன்னாடி மட்டும் பார்க்கட்டும்னு.

காதைப் பாருங்க, அதுதான் முக்கியம். முன்னாடி விறைச்சு நின்னா எதையோ கவனிக்குது, ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி திரும்பிட்டே இருந்தா மேல இருக்கிறவனையும் கேட்குது முன்னாடி இருக்கிறதையும் கேட்குது, நின்ன இடத்துல காதை பிடரியோட ஒட்டிப் படுக்க வச்சு கண்ணுல வெள்ளை தெரிஞ்சா கிட்ட போகாதீங்க. போட் ஹவுஸ் பக்கம் சவாரி குதிரைகிட்ட குழந்தையைத் தூக்கிட்டுப் போய் போட்டோ எடுக்கிறவங்க இதை மட்டுமாவது தெரிஞ்சு வச்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஆனா கடைசி இருநூறு மீட்டர்ல முழு வேகத்துல வரும்போது காது பின்னாடி படுத்திருந்தா கோபம்னு நினைக்காதீங்க, அது முழு மூச்சா ஓடும்போது சாதாரணம்.

நுரை பத்தி கேட்டிருந்தீங்க. குதிரை வேர்வையில லேத்தரின்னு ஒரு புரதம் இருக்கு, அதனாலதான் கடிவாள வாரு உரசுற கழுத்துலயும் பின்னங்கால் இடுக்குலயும் சோப்பு மாதிரி வெள்ளையா நுரை கட்டுது, நோய் எல்லாம் இல்ல. சித்தப்பா இதுல ஒண்ணு சொல்வார், கிண்டி வெயில்ல குதிரை நனைஞ்சு நின்னா அதுல சேதி எதுவும் இல்ல, ஊட்டிக் குளிர்ல ஓடாமலே நனைஞ்சு நின்னா அது மனசுல ஓட ஆரம்பிச்சிடுச்சு, கேட்டுக்குப் போறதுக்குள்ள பாதி சக்தி போயிடும்னு. பேடாக்ல நான் முதல்ல பார்க்கிறது இதைத்தான்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, குதிரையால வாய் வழியா மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான், முழுப் பாய்ச்சல்ல ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுன்னு கணக்கா விடும். கூடவே அதோட மண்ணீரல் சிவப்பணுவைச் சேமிச்சு வச்சிருந்து ஓடும்போது ரத்தத்துல அவுத்து விடும். கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டர் உயரத்துல, காத்து லேசா இருக்கிற எங்க ஊர்ல அதுங்க அப்படி ஓடினதைப் பார்த்த எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு மரியாதை இன்னும் கூடிடுச்சு.

சரி, ஜெயிச்சது தெரியுமா? முடிவுக் கோடு தெரியாது, கூட ஓடுற குதிரைக் கூட்டம் தெரியும்னு நான் நினைக்கிறேன். ஜாக்கி கீழ விழுந்துட்டா கவனிச்சிருக்கீங்களா, குதிரை நிக்காது, மத்த குதிரைங்களோடவே ஓடிட்டு இருக்கும், சில நேரம் எல்லாத்துக்கும் முன்னாடியே வந்துடும் (அது கணக்குல சேராது). மந்தையை விட்டுப் பிரியக் கூடாதுங்கிறது அதோட ரத்தத்துல இருக்கு, அதுலயும் சிலதுக்கு முன்னாடி போகணும்னு இருக்கு, சிலதுக்கு நடுவுல பத்திரமா இருந்தா போதும். வின்னிங் போஸ்ட் தாண்டியும் அது ஓடிட்டேதான் இருக்கும், ஜாக்கி எழுந்து நின்னு இழுக்கிறதுலதான் முடிஞ்சுடுச்சுன்னு அதுக்குப் புரியும்.

அப்புறம் ஓனர் இறங்கி வந்து வாரைப் பிடிச்சு ஜெயிச்ச குதிரையை நடத்திட்டுப் போவாரே, லீடிங் இன், அந்தப் பெருமை மனுஷனுக்கு. ஆனா அந்த நேரத்துல சைஸ் கழுத்தைத் தட்டிக் கொடுக்கிறதும் எல்லாரும் சத்தமா சந்தோஷப்படுறதும் குதிரைக்கு நிச்சயம் உறைக்கும். ஜாக்கி அதுக்கப்புறம் சேணத்தோட திரும்ப எடை மேடையில ஏறணும், போகும்போது இருந்த எடை வரும்போதும் இருக்கணும், குறிச்சிருக்கிற எடைக்குப் பத்தாதவங்களுக்கு சேணத்துக்கு அடியில ஈயத்தகடு வைப்பாங்க. பிறந்தநாள் விஷயம் உண்மைதான், இந்தியாவுல ரேஸ் குதிரை எந்த மாசம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 வந்தா ஒரு வயசு கூடிடும்.

ஊட்டிக்கு வந்து பார்க்கலாமான்னு கடைசியா கேட்டிருக்கீங்க. 1886ல ஆரம்பிச்சு சித்திரை பிறந்தா சீசன்னு இருந்த இடம், குத்தகை பாக்கி விவகாரத்துல 2024 ஜூலையில அரசு எடுத்துக்கிச்சு, இப்ப அங்க ரேஸ் இல்ல. பாக்கியைக் கட்டியிருக்கணும்ங்கிறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, ஆனா அதை நம்பி மலையேறி வந்த சைஸ் குடும்பங்களைப் பத்தி யாருமே பேசலைங்கிறது இன்னும் வருத்தமா இருக்கு. ரேஸ் பார்க்க எங்களுக்கு இப்ப பக்கம்னா மைசூர்தான், சாமுண்டி மலை அடிவாரத்துல. போனீங்கன்னா பெட்டிங் கவுண்டர் பக்கம் போகாம நேரா பேடாக்குக்குப் போங்க, காதையும் வேர்வையையும் பாருங்க, பந்தயம் கட்டாமலே பொழுது போயிடும்.