உபவாசமும் ஜெபமும்: கேட்டவர்களுக்குப் பதில்

கே: உபவாசத்தில் தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்கலாம். எஸ்தர் மூன்று நாள் தண்ணீரும் இல்லாமல் இருக்கச் சொன்னது (எஸ்தர் 4:16) ஒரு இனமே அழியவிருந்த நெருக்கடியில். அதை வாராவாரம் செய்து பார்க்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட வேண்டாம்.

கே: லெந்து என்ற தவக்காலம் நாற்பது நாள் என்கிறார்கள். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வருகிறதே?

ஆறு ஞாயிறுகளைக் கழியுங்கள். ஞாயிறு இயேசு உயிர்த்தெழுந்த நாள், அன்று உபவாசம் இல்லை.

கே: கத்தோலிக்கருக்கு ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) எப்போது கட்டாயம்?

சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயதிலிருந்தே உண்டு. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு, அதைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

கே: வேலைக்காக 21 நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். கிடைக்கவில்லை. எங்கே தவறினேன்?

தவறினீர்கள் என்று யார் சொன்னது? 2 சாமுவேல் 12-ஐ எடுத்து வாசியுங்கள். நோயுற்ற பிள்ளைக்காகத் தாவீது ராஜா தரையில் கிடந்து உபவாசித்தான். ஏழாம் நாள் பிள்ளை இறந்தது. அதைச் சொல்ல வேலைக்காரர்களுக்குப் பயம். அவர்கள் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டான். எழுந்தான், குளித்தான், எண்ணெய் பூசினான், உடை மாற்றினான். நேரே ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான். அதற்கப்புறம்தான் வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டான். கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் முதலில் போனது ஆலயத்துக்கு. உபவாசம் கடவுளின் கையை முறுக்குகிற வேலை இல்லை. அப்படி யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் முதன்முதலில் உபவாசம் இருந்த அன்று காலை பதினொரு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாயிற்று. உபவாசம் இருந்துகொண்டு சண்டை போடுகிறவர்களைத்தான் ஏசாயா 58 கடிந்துகொள்கிறது. இப்போது சாப்பாட்டு நேரம் வந்தால் அந்த அரைமணியில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கிறேன். பசி போகாது, கடிகாரம் மறந்துபோகும்.

கே: உபவாச நாளில் கண்ட கனவுக்கு என்ன அர்த்தம்?

எனக்குத் தெரியாத துறை. உங்கள் போதகரிடம் பேசுங்கள்.

கே: மாற்கு 9:29-இல் ஜெபமும் உபவாசமும் சேர்ந்தே வருகிறது. அப்படியானால் உபவாசம் இல்லாத ஜெபத்துக்கு வல்லமை இல்லைதானே?

அப்படி இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வாத்திகான் என்ற கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியில் ‘உபவாசம்’ என்ற சொல் அந்த வசனத்தில் கிடையாது. சினாய் பிரதியிலும் முதலில் எழுதியவர் எழுதவில்லை. இதே பேச்சு வரும் மத்தேயு 17:21-ஐ அவற்றை முதலில் எழுதியவர்கள் எழுதவே இல்லை. பல புதிய மொழிபெயர்ப்புகள் அடிக்குறிப்பில் போடுவது அதனால்தான்.

கே (அவரே): வேதத்தில் இருப்பதை வெட்டுகிறீர்களா?

நான் எதையும் வெட்டவில்லை. சரி, அந்தச் சொல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதே மாற்கு 9-இல் பிசாசு பிடித்த தன் பையனை இயேசுவிடம் கொண்டுவந்த அப்பா உபவாசம் இருந்தாரா? ‘விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும்’ என்று கதறினார். அவ்வளவுதான். பையன் குணமானான்.

கே (வேறொருவர்): அப்போ உபவாசமே வேண்டாம் என்கிறீர்கள்!

எங்கே சொன்னேன்? ‘நீங்கள் உபவாசிக்கும்போது’ என்றுதான் மத்தேயு 6:16 தொடங்குகிறது. அந்தியோகியா சபை பவுலையும் பர்னபாவையும் உபவாசித்து ஜெபித்துத்தான் அனுப்பியது (அப்போஸ்தலர் 13). புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது திதாகே என்ற பழைய திருச்சபை நூல். உபவாசம் வேண்டும், அதை மந்திரமாக்க வேண்டாம். மாற்கு விவகாரத்தை இதோடு விடுகிறேன்.

கே: தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியுமா?

முதல் பதில்.

கே: மாத்திரை போட்டால்?

அதுவும் முதல் பதில். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கே: பல் துலக்கலாமா?

துலக்குங்கள். முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு உபவாசிக்கச் சொன்ன இயேசு இதற்கா தடை சொல்லப் போகிறார்? பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.