வாசகர் கேள்வி: எத்தியோப்பியாவின் ஊர்ச் சுகாதாரப் பெண்கள்

கேள்வி: எத்தியோப்பியாவின் கிராமச் சுகாதாரப் பணியாளர் திட்டத்தை எல்லோரும் பாராட்டுகிறார்களே, அதில் சிக்கலே இல்லையா?
– வாசகி, தருமபுரி

பதில்: முதலில் பாராட்ட வேண்டியது சம்பளத்தை. 2003-இல் தொடங்கிய இத்திட்டத்தில், பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து அரசு ஊழியராகவே சேர்த்தார்கள். சுமார் 5,000 பேருக்கு இருவர். இப்படி ஐந்து ஊர்களுக்குப் பொதுவாக ஒரு சுகாதார மையம். மேற்பார்வை, மருந்து, மேல்சிகிச்சை அங்கிருந்துதான்.

அந்தத் தொடர்பு அறுந்தால் பயிற்சி வீண். இருமும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். அவசரமாக அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் கணக்கு பிசகும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50 மூச்சு, அதன்பின் ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாகக் கொண்டு ஆன்டிபயாடிக் தரலாம். 2010 வாக்கில்தான் இந்த அனுமதியே கிடைத்தது. ஆனால் மருந்து அலமாரி காலியாக இருந்தால்? அந்தத் தாய் அடுத்த முறை வரமாட்டார்.

இன்னொரு சிக்கல் வேலைப்பளு. நிதி தரும் ஒவ்வொரு அமைப்பும் தனிப் பதிவேடு கேட்டால், வீடுவீடாகப் போகும் நேரம்தான் கரையும். பதிவேட்டை ஒன்றாக்க வேண்டும். மாதம் எவ்வளவு மருந்து செலவாகிறது என்று பார்த்து, தீருமுன்பே கேட்க வேண்டும்.